தத்தன் நின்ற வாசல்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி கடைசி வாரத்தில் திருக்கோவிலூருக்குப் போயிருந்தேன். கீழையூரில் தாய்மாமன் வீடு. மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மாமா தம் கைபேசியை என் காதருகே நீட்டி ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டார். ஜெயலலிதாவின் குரல். 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தவர், கட்சியின் பொதுச்செயலாளருக்கு ஆதரவு கேட்டுத் தொண்டர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய 76ஆவது பிறந்த நாளான பிப்ரவரி 24 அன்று அ.இ.அ.தி.மு.க. வெளியிட்ட பதிவு அது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு உருவாக்கியது என்பதைக் கட்சி மறைக்கவில்லை. நாளிதழ்களும் அப்படியே எழுதியிருந்தன.

மாமா எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து அந்தக் கட்சிக்காரர். பதிவு முடிவதற்குள் அவர் கண்கள் கலங்கிவிட்டன. “மாமா, இது மெசின் பேசறது” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. “தெரியும்ப்பா. பேப்பர்லதான் போட்டிருந்தானே. ஆனா கொரலு அம்மாவுதுதானே?”

இந்தப் பதிலுக்கு என்னால் அன்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. இன்றும் முழுதாக முடியும் என்று தோன்றவில்லை. போலிக் காட்சிகளைப் பற்றியும் போலிக் குரல்களைப் பற்றியும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கையிலிருந்து தொடங்குகிறார்கள். மக்கள் ஏமாறுவது தெரியாமையால். ‘இது போலி’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் மயக்கம் கலைந்துவிடும். மாமாவிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. முத்திரையோடுதான் அந்தக் குரல் அவர் வீட்டுக்கு வந்தது. அவர் அதை வாசித்து, ஏற்றுக்கொண்டு, அதன் பிறகே அழுதார்.

திருக்கோவிலூரில் பிறந்தவனுக்கு இதை விளங்கிக்கொள்ள வேற்றூர்க் கதை தேவையில்லை. மெய்ப்பொருள் நாயனார் எங்கள் ஊர் அரசர். சேக்கிழார் சொல்லும் அவருடைய வரலாறு அனைவரும் அறிந்ததுதான். ஆனாலும் அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்க்க விரும்புகிறேன். போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், படையால் ஆகாததை வேடத்தால் முடிக்க எண்ணுகிறான். உடலெங்கும் திருநீறு பூசுகிறான், சடை முடிக்கிறான், புத்தகக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துவைக்கிறான். அரண்மனை வாயில்கள் ஒவ்வொன்றிலும் காவலர்கள் அடியார் என்று கைகூப்பி வழிவிடுகிறார்கள். உள்வாயிலில் மட்டும் தத்தன் என்னும் மெய்க்காவலன் நிறுத்துகிறான். ‘அரசர் துயில்கிறார், சமயமறிந்து போக வேண்டும்’ என்கிறான். முத்தநாதன் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போகிறான். அரசி கணவரை எழுப்புகிறாள். வந்தவன் தான் கொண்டுவந்திருப்பது வேறெங்கும் கிடைக்காத ஆகமம் என்கிறான். அதைச் சொல்லத் தனிமை வேண்டும், அரசியும் உடனிருக்கக் கூடாது என்கிறான். அரசர் அவனை மேலான இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்கிறார். கட்டு அவிழ்கிறது.

கத்திக்குத்துப் பட்ட பிறகு நடப்பதுதான் கதையின் உயிர். பாய்ந்து வந்து வாளோங்கிய தத்தனை அரசர் தடுக்கிறார். இவர் நம்மவர் என்கிறார். ஊரார் தாக்காமல் இவரைக் கொண்டுபோய் விட்டு வா என்று பணிக்கிறார். தத்தன் கொலைகாரனுக்குக் காவலாக நடந்து ஊர் எல்லை தாண்டி விட்டுத் திரும்புகிறான். அந்தச் செய்தியைக் கேட்கும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்த அரசர் பிறகே மறைகிறார்.

சைவ அன்பர்கள் மன்னிக்க வேண்டும். இது வேடத்தின் புனிதம் பற்றிய கதை, அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு எப்போதும் தத்தன்மீதுதான் கண். அவன் முத்தநாதனைச் சந்தேகித்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. போலி என்று கண்டுபிடிக்கும் கூர்மை எதுவும் அவனிடம் இல்லை. அவன் கேட்டது கொஞ்ச நேரம், அவ்வளவுதான். இப்போது வேண்டாம், பிறகு. அந்த நேரம் கிடைத்திருந்தால் அரசர் விழித்திருப்பார், அவையில் நான்கு பேர் இருந்திருப்பார்கள், கட்டை அவிழ்க்க வேறொரு கை இருந்திருக்கும். முத்தநாதனுக்கும் அது தெரியும். அதனால்தான் அவன் கேட்ட இரண்டும் தாமதத்துக்கு எதிரானவை: இது வேறெங்கும் கிடைக்காதது, இதைத் தனிமையில் மட்டுமே சொல்ல முடியும். ‘எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது, நீக்குவதற்குள் பார்த்துவிடுங்கள்’ என்று தலைப்பிட்டு நம் கைபேசிக்கு வரும் ஒவ்வொரு காணொளியும் இந்த இரண்டைத்தானே கேட்கிறது.

மாமாவின் பதிலும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. குத்துப்பட்டவருக்கு வந்தவன் யார் என்பது தெரிந்துவிட்டது. வேடத்துக்குச் செய்யும் மரியாதை அதனால் குறையவில்லை. ‘தெரியும்ப்பா.’

கணினி இல்லாத காலத்திலேயே இது இப்படி என்றால், கணினியின் பங்கு என்ன என்று கேட்கலாம். குறைவு என்றுதான் சொல்வேன். 2018 மே 9 அன்று நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்; எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். சென்னையிலிருந்து அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி உறவினர்களோடு காரில் குலதெய்வக் கோயிலுக்கு வந்திருந்தார். வழி கேட்க நிறுத்திய இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லி ஊர் திரண்டது. அந்த அம்மையார் அடிபட்டு இறந்தார், உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக அதற்கு முந்தைய வாரங்களில் வட மாவட்டங்கள் முழுதும் வாட்ஸப்பில் குரல் பதிவுகளும் படங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. குழந்தைகளுக்கு இனிப்பு தருவது நம் ஊரில் பாட்டிகளின் இயல்பு. அன்று அத்திமூரில் அது ஓர் அடையாளமாகிவிட்டது.

அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளில் சுற்றிய காணொளி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. அசலில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பாருங்கள் என்ற பொருள்படும் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். வேறெந்த வித்தையும் அதில் இல்லை. ஒரு கத்தரிக்கோல் போதுமானதாக இருந்தது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குவதாகப் பரவிய காணொளிகளுக்கு வெட்டுதல்கூடத் தேவைப்படவில்லை. வேறு யாரோ வேறு காரணத்துக்காக அடித்துக்கொண்ட காட்சிகளுக்குப் புதிய விளக்கம் எழுதினார்கள். ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சுகளோடு தொழிலாளர் கூட்டம் நின்றது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போனது. எங்கள் மாவட்டத்துக்கும் சொந்த அனுபவம் உண்டு. 2022 ஜூலை 13 அன்று சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி மாணவி இறந்தார். ஜூலை 17 அன்று பள்ளியும் பேருந்துகளும் எரிந்தன. வாட்ஸப் குழுக்கள் வழியே ஆள் திரட்டப்பட்டது என்றது காவல்துறை. அந்த மரணத்தில் எது உண்மை என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். அதைப் பேச இது இடமில்லை. இடைப்பட்ட நான்கு நாள்களில் எங்கள் பக்கத்தில் தீர்ப்பு எழுதி முடிக்காத கைபேசி அரிது என்பதை மட்டும் நானறிவேன்.

அத்திமூர் போன்ற கொலைகள் நாடெங்கும் நடந்த பிறகு 2018 ஜூலையில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்றாக்கியது. அத்தகைய செய்திகளின் ஓட்டம் அதனால் 70 விழுக்காடு குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. எது உண்மை, எது பொய் என்று அந்த ஏற்பாடு பார்ப்பதில்லை. அனுப்புகிறவனின் கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு சிறு தடை, அவ்வளவே. தத்தன் சொன்னதும் இதுதான். போலிகளுக்கு எதிராக இதுவரை செய்யப்பட்டவற்றில் உருப்படியானது இது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் இதைப் பற்றி யாரும் கருத்தரங்கு நடத்துவதில்லை.

இங்கே ஒரு பழைய கோபத்தையும் சொல்லிவிடலாம். 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்தின் ஒரு பாடலில் ரஜினிகாந்த் வெள்ளைக்காரரைப் போல் தோன்றுவார். பிரித்தானியப் பெண் ஒருவரின் தோல் நிறத்தைப் படம்பிடித்து, அதைக் கணினியில் ஒவ்வொரு சட்டகமாக ரஜினியின் முகத்துக்கு ஏற்றினார்கள். ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு. நாம் வியந்து பார்த்தோம். தமிழ்நாட்டுப் பொதுமக்கள் கணினி மாற்றிய மனிதத் தோலைப் பெரிய அளவில் கண்டது அநேகமாக அப்போதுதான். அதே படத்தில் இரண்டு பெண்களின் முகத்தில் கருமை பூசி, அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயரிட்டுக் கேலிப்பொருளாக நிறுத்தினார்கள். பாரி மகளிரின் பெயர்கள். தந்தையை இழந்த அந்த இரு பெண்களைக் கபிலர் அழைத்துவந்தது எங்கள் திருக்கோவிலூருக்கு என்பது இங்குள்ள மரபு. படம் பார்த்துவிட்டு வந்து இலக்கிய அன்பர்கள் கொதித்தது இரண்டாவதற்காக. அதற்குக் கணினி தேவைப்படவில்லை, ஒரு டப்பா மை போதுமானதாக இருந்தது. தொழில்நுட்பத்தைப் பற்றிய அச்சத்தில் நான் இந்த விகிதத்தை மறப்பதில்லை.

நிற்க. கணினியால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு தீங்கும் இருக்கிறது. மாமாவின் திண்ணை அதைத்தான் எனக்குக் காட்டியது. இறந்தவர்களைப் புதிதாகப் பேசவைப்பது.

ஜெயலலிதா குரலுக்கு ஒரு மாதம் முன்பு, 2024 ஜனவரியில், டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டில் கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்தினார். அவர் மறைந்தது 2018 ஆகஸ்ட் 7. அதற்கும் முன்பு, 2023 நவம்பர் 27 மாவீரர் நாளன்று, பிரபாகரனின் மகள் துவாரகா என்று சொல்லிக்கொண்ட ஒருவரின் காணொளி உரை உலகத் தமிழரிடையே ஒளிபரப்பானது. 2008வரை ஆண்டுதோறும் பிரபாகரன் உரையாற்றிய அதே நாள். அது கணினி வரைந்த முகமா, வேடமிட்டு வந்த பெண்ணா என்பதிலேயே பார்த்தவர்கள் பிரிந்து நின்றார்கள். 2009இல் பிள்ளைகளை இழந்து, இன்னும் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் முன்னால் அது ஓடியது என்பதை நினைக்கும்போது, முகமா முகமூடியா என்ற ஆராய்ச்சி எனக்கு அற்பமாகப் படுகிறது.

பாட்டு வேறு என்று வாதிடுவார்கள். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். 2024இல் வந்த ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர்.ரகுமான் ஒரு பாடலுக்கு 1997இல் மறைந்த சாகுல் ஹமீதின் குரலையும் 2022இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்றதாகவும் உரிய ஊதியம் கொடுத்ததாகவும் அவரே அறிவித்தார். அதே ஆண்டு ‘கோட்’ படத்தில், ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை அவர் தம்பி யுவன் தம் பாடலில் சேர்த்தார். தமக்கையை இழந்த ஒருவரின் செயலாகவே அதை நான் கேட்டேன். பாடகர் குரல் தருகிறார், சொல்லும் மெட்டும் பிறருடையவை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அரசியல் தலைவரின் பேச்சு அப்படியா? அவர் சொல்வது அவருடைய கருத்து என்று நம்பித்தான் கேட்கிறோம். இறந்த பிறகு உருவாகும் கருத்துக்கு அவர் பொறுப்பேற்க முடியாது, மறுக்கவும் முடியாது. நாளை மறைந்த எழுத்தாளர் ஒருவரின் குரலில் அவர் எழுதாத ஒரு முன்னுரையை யாராவது வாசிக்கவைத்தால் இந்தப் பக்கங்களை வாசிக்கிற நாம் என்ன செய்வோம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சட்டம் இங்கே கைவிரிக்கிறது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய ‘தலைவி’ படத்துக்குத் தடை கேட்டு அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரது அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்கு அவை சொத்தாக இறங்குவதில்லை என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2023இல் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றமும் அதே வழியில் சென்றது. வாழ்க்கை வரலாறு எழுதும் உரிமைக்கு இந்தத் தீர்ப்புகள் நல்லவை, நானும் வரவேற்றவன். வாரிசுகள் தடுக்கலாம் என்றிருந்தால் தமிழில் நேர்மையான ஒரு வாழ்க்கை வரலாறும் வராது. ஆனால் இறந்தவரைப் பற்றிப் பிறர் எழுதுவதும், இறந்தவரே பேசுவதாகச் செய்வதும் ஒன்றாகிவிடுமா? தீர்ப்பெழுதியபோது இரண்டாவது யார் கண்ணிலும் படவில்லை. உயிரோடு இருப்பவர்கள் நீதிமன்றம் போகிறார்கள். ரஜினிகாந்த் 2015இல் தம் பெயரையும் பாணியையும் காக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார், இளையராஜா 2025இல். டென்மார்க் அரசு 2025இல் முன்வைத்த சட்டவரைவு, ஒருவரின் முகமும் குரலும் அவர் இறந்து 50 ஆண்டுகள்வரை பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது. நம் நாட்டில் அத்தகைய பேச்சே தொடங்கவில்லை.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஔவை என்ற பெயரில் எத்தனை பேர் பாடினார்கள்? கபிலர் என்ற பெயரிலும் சங்கக் கபிலரோடு பதினொன்றாம் திருமுறைக் கபிலதேவ நாயனாரும், கபிலரகவல் எழுதியவரும் நிற்கிறார்கள். கம்பனுக்குள் நுழைந்த பாடல்களை ‘வெள்ளி பாடல்கள்’ என்று தனியே ஒதுக்கினார்கள். பெரியவர் ஒருவரின் பெயரில் தம் குரலை ஏற்றுவது நமக்குப் பழக்கமான தொழில். அதை எதிர்கொள்ள நாம் கண்ட வழிதான் எனக்கு இங்கே முக்கியம். ஓர் ஏட்டைப் பார்த்ததும் இது மெய்யா பொய்யா என்று பதிப்பாசிரியர் கேட்பதில்லை. இந்த ஏடு எங்கிருந்து வந்தது, யார் படியெடுத்தது, இதன் மூலம் எது, வேறு ஏடுகளில் இப்பாடல் இருக்கிறதா என்று கேட்கிறார். விடை கிடைக்கும்வரை பாடலை அச்சுக்குத் தராமல் வைத்திருக்கிறார்.

தென்பெண்ணையின் நடுவே நிற்கும் கபிலர் குன்றை வைத்தே இதைச் சொல்லலாம். புறநானூற்றின் 236ஆம் பாட்டின் கீழுள்ள குறிப்பு, பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. கரையிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்கிறது. பெண்களின் கதியும் வேறு, கபிலரின் முடிவும் வேறு. இரண்டும் சரியாக இருக்க முடியாது. ஆனாலும் யாரும் நம்மை ஏமாற்றவில்லை. குறிப்பு ஒரு நூலின் பகுதி, அதைத் தொகுத்த மரபு நமக்குத் தெரியும். கல்வெட்டு ஓர் அரசனின் காலத்தைச் சுமந்து நிற்கிறது, கபிலருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பதும் தெரியும். ஆகவே நாம் எடைபோடலாம், வாதாடலாம், ஒத்திப்போடலாம். ‘இதைப் பாடியவர் இன்னார், பாடப்பட்ட சூழல் இது’ என்று பாட்டின் காலடியில் எழுதிவைக்கும் வழக்கம்தான் இந்த வசதியைத் தந்தது. மாமாவின் கைபேசியில் வருவனவற்றுக்கு அந்த அடிக்குறிப்பு இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘நம்ம குரூப்புல வந்துச்சு’ என்பார். குரூப்பில் போட்டது யார் என்றால் தெரியாது.

2026 பிப்ரவரி 10 அன்று ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளில் திருத்தம் அறிவித்து, பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செயற்கையாக உருவாக்கிய காட்சிக்கும் ஒலிக்கும் கண்ணில் படும்படி அடையாளம் இட வேண்டும். பெரிய சமூக ஊடகங்கள் பதிவிடுகிறவரிடம் இது செயற்கையா என்று கேட்டு, அதைச் சரிபார்க்கவும் வேண்டும். நிறம் திருத்துவது, இரைச்சல் நீக்குவது போன்ற வழக்கமான வேலைகளுக்கு விலக்கு உண்டு. 2025 அக்டோபரில் வெளியிட்ட வரைவில் அடையாளம் திரையின் பத்தில் ஒரு பங்கை அடைக்க வேண்டும் என்றிருந்தது. இறுதி விதியில் அதைக் கைவிட்டார்கள். முத்திரையைப் பற்றிய என் கருத்தை மாமாவின் கண்ணீரிலேயே சொல்லிவிட்டேன். பத்தில் ஒரு பங்கென்ன, பாதித் திரையை அடைத்திருந்தாலும் அவர் அழுதிருப்பார்.

இந்த விதிகளில் எனக்கு மதிப்பு ஏற்படுத்தியது வேறொரு வரி. உருவாக்கிய கருவி எது என்று அறிய உதவும் அழியாத அடையாளத் தரவு ஒன்றைக் கோப்பினுள்ளேயே பதிக்க வேண்டும், அதை யாரும் நீக்கக் கூடாது என்கிறது. ஏட்டின் காலடிக் குறிப்புக்குச் சட்டம் தந்திருக்கும் புதிய பெயர் என்றே இதை வாசிக்கிறேன். ஆனால் ‘தொழில்நுட்ப அளவில் இயலும்வரை’ என்ற சொற்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஓடும் காணொளியை இன்னொரு கைபேசியால் படம்பிடித்து அனுப்புகிறவரிடம் எந்தத் தரவும் நிற்காது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். மேலும், பொய்யின்மேல் அடையாளம் இடுவதைப் பற்றி இவ்வளவு பேசும் விதிகள், மெய்யான படம் தன் பிறப்பிடத்தைச் சொல்ல ஒரு வழி செய்வதைப் பற்றி அநேகமாக மௌனம். இது பெரிய குறை. ஏனெனில் போலி பெருகும் காலத்தில் மெய்யும் தன்னை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழக நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் பேசியதாக இரண்டு ஒலிப்பதிவுகள் வெளிவந்தன. அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார். அவர் சொன்னது சரியா என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு மாநிலமே கேட்ட குரலைப் பற்றிக் காதால் எந்த முடிவுக்கும் வர முடியாத நிலை அப்போதே வந்துவிட்டது என்பதைத்தான் குறிப்பிடுகிறேன்.

விதிகளில் நான் அஞ்சுவது மூன்று மணி நேரம். அரசோ நீதிமன்றமோ ஆணையிட்டால் ஒரு பதிவை நீக்க முன்பு 36 மணி நேரம் இருந்தது, இப்போது 3. நிர்வாணப் படம் போன்றவற்றில் அவசரம் நியாயம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் ஒரு பெண்ணின் வாழ்வு. மற்றவற்றில்? மூன்று மணி நேரத்தில் எந்த நிறுவனமும் படித்துப் பார்க்காது, நீக்கிவிட்டு மறுவேலை பார்க்கும். அரசு எவற்றை நீக்கச் சொல்லும் என்பதற்கு நம்மிடம் சான்று இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பிரதமரைக் கைவிலங்கோடு வரைந்த ஒரு கருத்துப்படத்துக்காக விகடன் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. மார்ச் 6 அன்று, அந்தப் படத்தை எடுத்துவிடும் நிபந்தனையோடு, தளத்தைத் திறக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அது கையால் வரைந்த கேலிப்படம். யாரையும் ஏமாற்ற முயலாதது. 1987இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கட்சியும் அரசும் மாறின, கேலிச்சித்திரத்தின் மேலான எரிச்சல் மாறவில்லை.

பொய்யனுக்கு அவசரம் வேண்டும், அதைத் தடுக்க வந்த சட்டமும் அவசரத்தையே ஆயுதமாக எடுத்துக்கொண்டது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. பரவும் பதிவை நிறுத்திவைப்பது ஒன்று, அழிப்பது வேறு. புகார் வந்ததும் கைமாற்றலை மட்டும் சில நாள்கள் தடுத்து, பதிவிட்டவரிடம் மூலம் கேட்டு, அவர் சொல்வதையும் கேட்டபின் முடிவெடுக்கும் ஒரு நடுவழி விதியில் இல்லை. இறந்தவரின் குரலில் புதுக் கருத்து உருவாக்குவதைத் தேர்தல் காலத்திலாவது தடைசெய்யும் வரியும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துவிட்டால் முத்திரையின் அளவைப் பற்றி நான் சண்டையிட மாட்டேன்.

சென்றமுறை ஊருக்குப் போனபோது இதையெல்லாம் மாமாவிடம் கொஞ்சம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப அந்தக் கொரல இனிமே கேக்கவே கூடாதுன்றியா?” என்றார். அவர் பேசிய பழைய கூட்டப் பேச்சுகள் எத்தனையோ இருக்கின்றன, நானே எடுத்துத் தருகிறேன் மாமா என்றேன்.

“அதெல்லாம் கேட்டாச்சுப்பா. அதுல பழசுதானே பேசறாங்க” என்றார்.